லேபிள் ஷீட்டில் முகவரி தள்ளிப் போனால்: டெம்ப்ளேட்டைத் திருத்துவதா, மென்பொருளை மாற்றுவதா?

எங்கள் காலாண்டிதழுக்கு 380 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். இதழ் அச்சாகி வந்ததும், 24 லேபிள் உள்ள ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் முகவரிகளை அச்சடித்து உறைகளில் ஒட்டுவோம். கணக்குப்படி 16 ஷீட் போதும். போன வருடம் ஓர் இதழுக்கு 23 ஷீட் செலவாயிற்று. முதல் வரிசை கச்சிதமாக விழும். கீழே போகப் போக எழுத்து மேலே ஏறிக்கொண்டே வரும். எட்டாவது வரிசையில் பெறுநரின் பெயர் ஏழாவது வரிசை லேபிளின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். உரித்து ஒட்டினால் பெயர் இல்லாத முகவரிதான் கையில் இருக்கும். கிராமத்து வாசகர்கள் பலருடைய முகவரியில் கதவு எண் கிடையாது. பெயரையும் ஊரையும் பார்த்துத்தான் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். பெயர் போய்விட்டால் இதழும் போய்ச் சேராது.

இதைச் சரிசெய்ய வழி தேடியபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். வேர்டிலேயே வேறு டெம்ப்ளேட் (லேபிள்களின் அளவுகளைக் குறித்துவைத்த முன்மாதிரிப் பக்கம்) எடு என்றார் ஒருவர். டேபிள் போட்டு நீயே வரைந்துகொள், லிப்ரே ஆபீஸுக்கு மாறு, கூகுள் டாக்ஸில் செய், இணையத்தில் செய்து பி.டி.எஃப். எடு, தெர்மல் பிரிண்டர் வாங்கு என்று மற்றவர்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எது யாருக்குச் சரிப்படும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் ஷீட் வீணாவது நிற்காது.

கோளாறு டெம்ப்ளேட்டில்தானா?

வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் அச்சடியுங்கள். அதை லேபிள் ஷீட்டோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து எந்த மாதிரி விலகியிருக்கிறது என்பதே கோளாறு எங்கே என்று காட்டிவிடும்.

எல்லா லேபிளிலும் ஒரே அளவு விலகியிருந்தால் மேல் மார்ஜினோ பக்க மார்ஜினோ தவறு. அந்த விலகல் ஷீட்டுக்கு ஷீட் மாறினால் டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம். பிரிண்டர் தாளை இழுக்கும் விதத்தில்தான் பிரச்சினை. டிரேயில் கட்டாக வைக்காமல் மேனுவல் ஃபீட் வழியாக ஒவ்வொன்றாகக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் வரிசை சரியாக இருந்து, கீழே இறங்க இறங்க விலகல் கூடினால் பிட்ச் தவறு. அதாவது ஒரு லேபிளின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் மேல் விளிம்பு வரை உள்ள தூரம் தப்பாகப் பதிவாகியிருக்கிறது. நடு வரிசைகள் சரியாக இருந்து, மேல் வரிசைகள் கீழ்நோக்கியும் கீழ் வரிசைகள் மேல்நோக்கியும் விலகியிருந்தால், அச்சடிக்கும்போது பக்கம் சுருக்கப்பட்டிருக்கிறது. மூன்று வரிசை சரியாக இருந்து, நான்காவதிலிருந்து எல்லாமே ஒன்றாகக் கீழே இறங்கியிருந்தால், மூன்றாவது வரிசையில் ஏதோ ஒரு நீண்ட முகவரி அந்த வரிசையின் உயரத்தைத் தள்ளிவிட்டிருக்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது இரண்டு தவறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கதை. பி.டி.எஃப். கோப்பை அச்சடிக்கும்போது 'ஃபிட்' என்ற தேர்வு இருந்ததால் பக்கம் 97 சதவீதமாகச் சுருங்கியது. 34 மி.மீ. உயரத்தில் எட்டு வரிசை என்றால் மொத்தம் 272 மி.மீ. அதில் 3 சதவீதம் 8 மி.மீ. மேலே 4 மி.மீ. கீழ்நோக்கியும் கீழே 4 மி.மீ. மேல்நோக்கியும் நகர்ந்துவிட்டது. முதல் வரிசை கீழே இறங்கியிருப்பதைப் பார்த்து, எங்களில் ஒருவர் மேல் மார்ஜினை 4 மி.மீ. குறைத்தார். முதல் வரிசை சரியாயிற்று. ஆனால் எட்டாவது வரிசையின் விலகல் இப்போது முழு 8 மி.மீ. ஆகிவிட்டது. அச்சு உரையாடல் பெட்டியில் 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றி, மார்ஜினைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் சரி. ஆறு மாதம் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மென்பொருளில் குறையே இல்லை.

வேர்டிலிருந்து நேராக அச்சடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் 215.9 × 279.4 மி.மீ. நம்முடைய ஏ4 தாள் 210 × 297 மி.மீ. லெட்டர் அளவு டெம்ப்ளேட்டை ஏ4 தாளில் அடிக்கச் சொன்னால் வேர்டு தானாகவே பக்கத்தின் அளவை மாற்றிப் பொருத்தப் பார்க்கும். 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு', அச்சுப் பகுதியில் ஏ4க்கும் லெட்டருக்கும் இடையே அளவை மாற்றும் ஒரு டிக் இருக்கும். லேபிள் வேலைக்கு அதை எடுத்துவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் ஷீட், மென்பொருள் சொல்லும் ஷீட்

இணையத்தில் லேபிள் டெம்ப்ளேட் என்று தேடினால் முதலில் வருவது ஏவரி என்ற லேபிள் நிறுவனத்தின் 5160. ஒரு ஷீட்டுக்கு 30 லேபிள், ஒவ்வொன்றும் 1 அங்குல உயரம், 2⅝ அங்குல அகலம். அது லெட்டர் தாளுக்கானது. நம் ஊர் ஷீட்டோடு எந்த வகையிலும் பொருந்தாது. ஏ4 தாளுக்கான ஏவரி எண்கள் பல 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும். எல்7160 என்றால் 21 லேபிள், 63.5 × 38.1 மி.மீ. எல்7159 என்றால் 24 லேபிள், 63.5 × 33.9 மி.மீ. எல்7163 என்றால் 14 லேபிள், 99.1 × 38.1 மி.மீ. நம்மூர் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 24 லேபிள் ஷீட் 64 × 34 மி.மீ. என்று அட்டையில் போட்டிருக்கும். எல்7159க்கு மிக நெருக்கம்தான். ஆனால் வரிசைக்கு 0.1 மி.மீ. வீதம் ஏழு இடைவெளியில் 0.7 மி.மீ. விலகும். முகவரிக்கு அது பொருட்டில்லை. லேபிளைச் சுற்றிக் கோடு போட்டு அலங்கரித்திருந்தால் கண்ணில் படும்.

பெரிய குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. 24 லேபிள் ஷீட் என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று 64 × 34 மி.மீ.; சுற்றிலும் ஓரம் விட்டிருக்கும். இன்னொன்று 70 × 37 மி.மீ.; ஓரமே இருக்காது. மூன்று 70 என்றால் 210, எட்டு 37 என்றால் 296. தாளை அப்படியே கூறு போட்டிருப்பார்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் சுமார் 4 மி.மீ. வரை அச்சடிக்காது. அதனால் 70 × 37 ஷீட்டில் ஓரத்து லேபிள்களின் எழுத்தை நன்றாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பொட்டலம் வாங்கும்போது எண்ணிக்கையை மட்டும் சொல்லாமல் மி.மீ. அளவையும் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை கடையில் 24 என்று மட்டும் சொல்லி வாங்கிவந்து, வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் அது ஓரமில்லாத வகை என்று தெரிந்தது.

அட்டையில் உள்ள அளவை நம்புவதைவிட ஒரு ஸ்டீல் ஸ்கேலை நம்பலாம். ஆனால் ஒரே ஒரு லேபிளை அளக்காதீர்கள்; அரை மி.மீ. பிசகினாலும் அது ஏழு மடங்காகிவிடும். முதல் லேபிளின் மேல் விளிம்பிலிருந்து கடைசி லேபிளின் மேல் விளிம்பு வரை அளந்து ஏழால் வகுங்கள். 238 மி.மீ. வந்தால் பிட்ச் 34. 237.3 வந்தால் 33.9. அகலத்துக்கும் இதே முறைதான்: முதல் பத்தியின் (மேலிருந்து கீழாகப் போகும் லேபிள் அடுக்கின்) இடது விளிம்பிலிருந்து மூன்றாவது பத்தியின் இடது விளிம்பு வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். மேல் ஓரம், இடது ஓரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால் எந்த மென்பொருளிலும் ஐந்து நிமிட வேலை.

இனி எதை எடுப்பது?

வேர்டில் 'மெயிலிங்ஸ்', 'லேபிள்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' போனால் நிறுவனங்களின் பெயரும் எண்ணும் நீளமாக வரும். அந்தப் பட்டியலில் உங்கள் ஷீட் அச்சு அசலாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நெருக்கமானதை எடுத்து ஒட்டுப்போடுவதைவிட 'நியூ லேபிள்' கொடுத்துப் புதிதாக ஒன்றை வரையறுப்பதே நல்லது என்பது என் முடிவு. மேல் மார்ஜின், பக்க மார்ஜின், உயரம், அகலம், செங்குத்துப் பிட்ச், கிடைமட்டப் பிட்ச், எத்தனை பத்தி, எத்தனை வரிசை என்று கேட்கும். முதலில் பக்க அளவை ஏ4 என்று மாற்றிவிடுங்கள். லெட்டரிலேயே விட்டுவிட்டு மேல் மார்ஜினோடு எட்டு 34 மி.மீ. கொடுத்தால், பக்கத்தைவிட லேபிள்கள் பெரிதாகின்றன என்று வேர்டு மறுத்துவிடும். அங்குலத்தில் கேட்டாலும் '34 மி.மீ.' என்பதை ஆங்கிலச் சுருக்கத்தோடு தட்டினால் தானாக மாற்றிக்கொள்ளும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது மெயில் மெர்ஜ். எக்ஸெல்லில் இருக்கும் 380 முகவரியும் ஒரே மூச்சில் வந்துவிழும். முதல் லேபிளில் மட்டும் பெயர், தெரு, ஊர், பின்கோடு என்று புலங்களை (எக்ஸெல் பத்திகளிலிருந்து தகவல் வந்து விழும் இடங்களை) வைத்துவிட்டு 'அப்டேட் லேபிள்ஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். முதல் லேபிளில் மட்டும் முகவரி, மற்றவை வெறுமை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பொத்தானை மறந்தவர்கள்தான். பின்னால் எழுத்துருவை மாற்றினாலும் முதல் லேபிளில் மாற்றிவிட்டு மறுபடியும் அதை அழுத்த வேண்டும். அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது ஓர் எஸ்.க்யூ.எல். கட்டளை இயங்கப்போகிறது என்று எச்சரிக்கை வரும். பயந்து 'நோ' கொடுத்தால் எக்ஸெல்லோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். எக்ஸெல் கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும் அதே கதி. '600 001' என்று இடைவெளி விட்டுத் தெரியும் பின்கோடு மெர்ஜில் '600001' என்று ஒட்டிக்கொண்டு வரலாம். எக்ஸெல்லில் அது வெறும் தோற்றம். தரவில் இடைவெளி இல்லை. அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றி, இடைவெளியோடு தட்டி வைத்தால் போதும்.

குறை என்று சொன்னால், இப்படி வரையறுத்த லேபிள் அந்தக் கணினியோடு நின்றுவிடும். நண்பரின் கணினியில் பட்டியலைத் திறந்தால் இருக்காது. அதனால் காலியான ஒரு பக்கத்தை வேர்டு டெம்ப்ளேட்டாகச் சேமித்து, ஷீட்டின் அளவையே கோப்பின் பெயராக வைத்துவிடுங்கள்.

தானே டேபிள் வரைவது முதல் பார்வைக்கு எளிமையாகத் தெரியும். வேர்டின் லேபிளும் உள்ளே ஒரு டேபிள்தானே! வருடத்துக்கு ஒருமுறை கல்யாண அழைப்பிதழுக்கு ஐம்பது முகவரி, அதுவும் கையாலேயே தட்டப்போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம். வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று வையுங்கள். 'அட் லீஸ்ட்' என்று விட்டால் நீண்ட முகவரி வரிசையைத் தள்ளிவிடும். உள்ளடக்கத்துக்கு ஏற்பப் பத்தியின் அகலம் தானாக மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வேர்டு 2010 காலத்துக் கோப்புகளில் டேபிள் இடது மார்ஜினுக்கு வெளியே சுமார் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், 2013க்கு அப்புறம் வந்த கோப்பு வடிவத்தில் மார்ஜினோடு ஒட்டி நிற்கும். பழைய கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றியதும் எல்லாம் 2 மி.மீ. நகர்ந்துவிட்டது என்றால் காரணம் இதுதான். மெர்ஜ் வேண்டுமென்றால் முதல் செல் தவிர மற்ற 23 செல்லிலும் அடுத்த முகவரிக்குப் போகச் சொல்லும் 'நெக்ஸ்ட் ரெக்கார்டு' புலத்தைக் கையால் வைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பு வீண். அதற்கு லேபிள் வழியே மேல்.

வேர்டு இல்லாதவர்கள், வாங்க விரும்பாதவர்கள் லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் தயங்காமல் எடுக்கலாம். 'ஃபைல்', 'நியூ', 'லேபிள்ஸ்' போனால் அதே எண்களைக் கேட்கும். பெயர் கொடுத்துச் சேமித்தும் வைக்கலாம். அங்கே ஒரே ஒரு முக்கியமான டிக்: 'சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்'. ஆவணத்தை உருவாக்குவதற்கு முன்பே அதைப் போட வேண்டும். போட்டால் முதல் லேபிளை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றவை மாறும். போடாமல் விட்டால் ஒவ்வொரு லேபிளும் தனித்தனிச் சட்டம் (ஃபிரேம்). எழுத்தின் அளவை மாற்ற 24 சட்டத்துக்குள்ளும் போய்வர வேண்டும். முகவரிப் பட்டியலை நேரடியாகக் காட்ட முடியாது. முதலில் அதைத் தரவு மூலமாகப் பதிவுசெய்ய வேண்டும். முதல் தடவை இது கொஞ்சம் சுற்றிவளைத்ததாகத் தோன்றும். ஒருமுறை பதிவுசெய்துவிட்டால் அடுத்த இதழுக்கு எதுவும் செய்ய வேண்டாம். அளவின் துல்லியத்தில் வேர்டுக்கும் இதற்கும் நான் எந்த வித்தியாசத்தையும் பார்க்கவில்லை.

கூகுள் டாக்ஸை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் லேபிளுக்கென்று வசதி கிடையாது. ஆட்-ஆன் சேர்க்க வேண்டும். டேபிள் வரையலாம் என்றால், வரிசைக்குக் குறைந்தபட்ச உயரம்தான் கொடுக்க முடியும், இவ்வளவுதான் என்று கட்டிப்போட முடியாது. ஒரு நீண்ட முகவரி வந்தால் கீழே உள்ள அத்தனையும் நகரும். லேபிள் நிறுவனங்களின் இணையதளத்திலேயே வடிவமைத்து பி.டி.எஃப். எடுக்கும் வழி, அவர்களுடைய ஷீட்டையே வாங்குபவர்களுக்கு நன்றாக உதவும். அங்கே சந்தாதாரர்களின் முகவரிகளை இன்னொருவர் சர்வரில் ஏற்ற வேண்டியிருக்கிறது. நம்மை நம்பிக் கொடுத்த முகவரி அது. எனக்கு மனம் வரவில்லை.

சூட்டால் எழுத்தைப் பதிக்கும் தெர்மல் பிரிண்டர் வேறு வகை. ஆன்லைனில் புடவை விற்கும் நண்பரிடம் இரவல் வாங்கி அடித்துப் பார்த்தேன். சுருளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு லேபிள். பத்தி, வரிசை, பிட்ச் எதுவும் கிடையாது. பக்க அளவையே லேபிள் அளவாக வைத்து, சாதாரணக் கடிதம் போல மெர்ஜ் செய்தால் போதும். முகவரிக்கு ஒரு பக்கம். பாதி பயன்படுத்திய ஷீட் என்ற தொல்லையும் இல்லை. லேசர் பிரிண்டரில் பாதி உரித்த ஷீட்டை மறுபடி விடவே கூடாது. சூட்டில் மிச்ச லேபிள் உரிந்து உள்ளே உருளையில் ஒட்டிக்கொள்ளும். தினமும் பத்துப் பதினைந்து பார்சல் அனுப்புபவர்களுக்கு தெர்மல் பிரிண்டரைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சடிக்கும் எங்களைப் போன்றவர்கள் வாங்கினால் அது தூசி படிந்து கிடக்கும். பரவலாக விற்கும் 203 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு மி.மீ.க்கு 8 புள்ளிதான். 8 பாயின்ட் தமிழ் எழுத்தில் 'ஞ', 'ஐ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. 10 பாயின்ட்டுக்குக் குறையாமல் வையுங்கள். சாதாரண தெர்மல் தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கும் என்பதால் ஊறுகாய் பாட்டில் லேபிளுக்கு இது சரிவராது.

தமிழ் எழுத்துக்கு மட்டும் வரும் தொல்லை

எந்த வழியை எடுத்தாலும் இது உண்டு. தமிழில் 'கி', 'தீ' மேலே வளையும். 'ணு', 'னூ' கீழே இறங்கும். அதனால் பல தமிழ் எழுத்துருக்களில் வரி இடைவெளி தாராளமாக இருக்கும். லதா எழுத்துருவில் ஐந்து வரி முகவரி 34 மி.மீ. உயரத்தைத் தின்றுவிடும், வரிசை உயரம் கட்டிப்போடப்பட்டிருப்பதால் கடைசி வரியான பின்கோடு சத்தமில்லாமல் மறைந்துவிடும். 10 பாயின்ட் எழுத்துக்கு வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 13 பாயின்ட் என்று வைத்தால் ஒரு வரி 4.6 மி.மீ.; ஆறு வரிக்கு 27.5 மி.மீ. மேலும் கீழும் மூன்று மி.மீ. மிச்சம் இருக்கும். அதற்குமேல் நெருக்கினால் 'தீ'யின் தலை வெட்டுப்படும்.

எழுத்தின் அளவை மாற்றினேன், ஆங்கிலம் மாறியது, தமிழ் மாறவில்லை என்பார்கள். வேர்டும் ரைட்டரும் தமிழைத் தனி வகை எழுத்தாக வைத்திருக்கின்றன. வேர்டின் ஃபான்ட் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டும், ரைட்டரில் 'சி.டி.எல்.' பகுதியில்.

பழைய சந்தாப் பட்டியல் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் மெர்ஜ் செய்ததும் எல்லா முகவரியும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். தரவு கெட்டுவிடவில்லை. மெர்ஜ் எழுத்தை மட்டும்தான் எடுத்துவரும், எக்ஸெல்லில் போட்ட எழுத்துருவை எடுத்துவராது. முதல் லேபிளின் புலங்களைத் தேர்ந்தெடுத்து பாமினி எழுத்துருவை வைத்து 'அப்டேட் லேபிள்ஸ்' கொடுத்தால் தமிழ் தெரியும். ஆனால் ஒருநாள் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் பட்டியலை மாற்றியபோது, ஒரே வாசகர் பாமினியில் ஒருமுறையும் யூனிகோடில் ஒருமுறையுமாக இரண்டு வரியில் இருந்தது தெரியவந்தது. அப்படி ஒன்பது பேர் இருந்தார்கள்; அவர்களுக்கு ஒவ்வோர் இதழும் இரண்டு பிரதி போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: யூனிகோடில் எக்ஸெல் பட்டியல், வேர்டில் 64 × 34 அளவில் சொந்தமாக வரையறுத்த லேபிள், வேர்டு இல்லாத நண்பரின் மடிக்கணினியில் அதே எண்களோடு ரைட்டர். மெர்ஜ் செய்த பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி, 'ஆக்சுவல் சைஸ்' கொடுத்து, முதலில் ஒரு வெள்ளைத்தாள், அப்புறம் ஷீட். போன இதழுக்கு 16 ஷீட்தான் செலவாயிற்று. கடைசி ஷீட்டில் மிஞ்சிய லேபிள்களில் கையால் எழுதிக்கொள்கிறோம். இதழ் அச்சுக்குப் போன பிறகு சேரும் புதுச் சந்தாதாரர்களுக்கு அவை ஆகின்றன.